ஹாஜியாரின் நெற்றி

"இத எடுத்துப்போடணும் டொக்டர். வெள்ளாம வெட்டுக்கு முன்ன."

நெல் வாங்கி விற்கும் முதலாளி மீராமுகைதீன் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி நெற்றியைக் காட்டினார். ஐந்து நேரமும் தரையில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன தொழுகைத் தழும்பு.

லேசர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த தாதி சுஹைறாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

கல்முனையில் இந்தக் கிளினிக்குக்குப் பாலுண்ணி எடுக்க வருவார்கள், பரு வடுவுக்கு வருவார்கள். கலியாணத்துக்கு முன்னால் முகம் வெளுக்கவேண்டும் என்று வந்து, டொக்டர் ஜெனூபாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். தொழுத அடையாளத்தை அழிக்க ஒருவரும் வந்ததில்லை. அது வரவேண்டும் என்று நெற்றியைத் தேய்க்கிற ஆட்களைத்தான் சுஹைறாவுக்குத் தெரியும்.

"வெளிநாட்டுக்குப் போறீங்களா ஹாஜியார்?" என்று கேட்டாள்.

"இல்ல மகள்."

அப்படியென்றால் ரெண்டாம் கலியாணம்தான். சுஹைறா மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள். தாடியில் வேறு மருதோண்டிச் சிவப்பு புதிதாகத் தெரிந்தது.

டொக்டர் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "நம்மட தோலுக்கு லேசர் கொஞ்சம் கூடினாலும் உள்ளதவிடக் கறுத்துப்போகும். எந்த அளவு தாங்கும் எண்டுதான் நான் ஆராய்ச்சி செய்றன். அதோட, நீங்க தொழத் தொழ இது திரும்ப வரும்."

"வந்தா வரட்டும். வெட்டு முடியுமட்டும் இல்லாம இரிந்தாக் காணும்."

சுஹைறாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கட ஜெஸீம் மச்சான் உங்களுக்குத்தான் நெல்லுக் குடுக்கிற. நீங்க நிறுக்கத் தொடங்கினா அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருவார். எல்லாம் உங்கட இந்த நெத்தியப் பாத்த நம்பிக்கதான்."

"தெரியும் மகள்." ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார்.

பாரேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை மனிசனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆராய்ச்சிக்கு வாற எல்லாரிட்டயும் நான் ஒண்டு கேக்கிற," என்றார் டொக்டர். "ஏன் இத எடுக்கணும்?"

ஹாஜியார் மடியில் கிடந்த தொப்பியைத் தடவினார்.

"போன போகம் என்ட தராசு பழுது டொக்டர். மூடைக்கு மூடை குறைச்சுக் காட்டியிரிக்கு. எனக்கும் தெரியா. முழு வயல்வட்டையிலயும் நெல்லு நிறுத்து முடிச்சன், ஒருத்தர் வாய் திறக்கணுமே, இல்ல. மில்லுல கொண்டுபோய் நிறுத்தாப்போலதான் பிடிபட்டிச்சு."

"பிறகு?"

"ஆக்களத் தேடிப்போய் உரியதக் குடுத்திட்டன். ஆனா குடுக்க முதல் ஒரு ராவு ஷைத்தான் என்னோட கதைச்சான். ஆருக்குத் தெரியப்போகுது எண்டான். நானும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன்."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"அண்டைக்குப் பயந்திட்டன் டொக்டர். அடுத்த முறையும் நான் நல்லவனா இரிப்பன் எண்டதுக்கு ஆர் பொறுப்பு? கிட்ட வந்து பாருங்க எண்டு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. இந்தமுறை சனம் என்ட நெத்தியப் பாக்காம தராசப் பாக்கட்டும்."

சுஹைறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிசனுக்குப் போய் ஒரு கலியாணத்தையே முடித்துவைத்துவிட்டோமே என்று இருந்தது. ஏதாவது செய்யவேண்டும் போலிருக்க, போனை எடுத்து மச்சானுக்கு அடித்தாள். மூன்று பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"மச்சான், இந்தமுறை நெல்லு நிறுக்கக்குள்ள தேத்தண்ணிக்குப் போகாதீங்க. கிட்ட நிண்டு தராசப் பாருங்க."

"ஆரு சொன்ன?"

"மீராமுகைதீன் ஹாஜியார்தான். வாயால சொல்லிக் காணாதெண்டு, நெத்தித் தழும்ப அழிக்க இஞ்ச வந்து நிக்கிறார்."

மறுபக்கம் மச்சான் சிரித்தார்.

"அப்பிடிப்பட்ட மனிசன்ட தராச நான் என்னத்துக்கு மச்சி பாக்கணும்?"