சிவப்புப் பொத்தான்

சாவியைத் திருப்பினால் காரின் பெட்ரோல் பம்பு முனக வேண்டும், சத்தமே இல்லை. ஃபியூஸ், ரிலே எல்லாம் பார்த்துவிட்ட மெக்கானிக் இருதயராஜ், டிக்கியின் ஓரத்தில் எம்பி நின்ற சிவப்புப் பொத்தானைக் காட்டினார்.

"இது தானா எம்பாதுங்கம்மா. வண்டி எதுலயாவது பலமா மோதினாத்தான் பம்புக்குக் கரண்டை நிறுத்தும். எங்க மோதுச்சு?"

சந்திரமதி காரின் பக்கம் திரும்பினாள். ஏரிக்கரையில் தானாக நின்றுவிட்டது என்று மகன் நிர்மல் விடிகாலையில் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒருநாளும் காரைத் துடைத்தறியாதவன், வந்ததும் வராததுமாகக் கழுவி முடித்தான்.

இருதயராஜ் பொத்தானை அழுத்தினார். பம்பு முனகியது.

"அவ்வளவுதாங்கம்மா. ஒரு டீ குடுங்க."

அவள் வாசலைப் பார்த்தாள். மணி பத்தாகியும் கேட்டில் மாட்டிய பால் தூக்கு வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. பால்காரர் விடிகாலையில் ஏரிக்கரை வழியாகத்தான் சைக்கிளில் வருவார்.

"பால் இன்னும் வரலைங்க" என்றாள்.