நாலாவது திருத்தம்

"பாத்தியா திமிர! மறுபடியும் அனுப்பியிருக்கான்!"

யஸ்னா மேசையைத் தட்டிய வேகத்தில், எதிரே சக ஊழியன் ஒஸ்வால்டோ கடிக்கப் போன ரொட்டி கைநழுவி விழுந்தது.

சிலி நாட்டின் கரும்புகை வரம்பு மீறாமல் இருக்க, எந்த அனல்மின் நிலையத்தை எந்த வருஷத்துக்குள் மூட வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் அவர்களுடையது. ஒளிவுமறைவே கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் மட்டும் யஸ்னா கையில். நாளைக் காலை செனட் குழுவுக்கு அந்தக் கணக்குதான் போகிறது.

"யாரு, அந்த நிபால்டோவா?"

"அவனேதான். கலேட்டா ஓண்டா அனல்மின் நிலையம், கொதிகலன் பிரிவுன்னு வெக்கமில்லாம பேருக்குக் கீழேயே போட்டிருக்கான். நம்ம கணக்குல அதை 2034ல மூடணும்னு வருதில்ல? இழுத்தடிக்கப் பாக்குறான். கம்பெனி ஏவி விட்ட ஆளு!"

"அப்படி என்னதான் எழுதியிருக்கான்?"

"அதைப் படிச்சு வேற நேரத்தை வீணாக்கணுமா? நிலக்கரிக்காரன் நமக்குக் கணக்கு சொல்லித் தர்றானாம்!"

மூன்று முறை தள்ளியதைப் போலவே இதையும் தள்ளினாள். திரையில் காரணம் எழுதும் கட்டத்தில், 'விலைபோனவர்களின் திருத்தம் ஏற்கப்படாது' என்று ஊரே பார்க்க எழுதினாள். மனசு குளிர்ந்தது. நியாயத்தைக் காப்பாற்றிய திருப்தி சும்மாவா?

கால் மணி நேரத்தில் அலுவலகப் போன் அடித்தது.

"நிபால்டோ பேசுறேன் மேடம். நான் விலைபோனவனா?"

ஒஸ்வால்டோவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பின்னே? சம்பளம் யார் தர்றா? அந்த ஊர்க் குழந்தைங்க ராப்பகலா இருமுதுங்களே, உங்களுக்கு உறுத்தவே இல்லையா?"

"நானும் அதே தெருவுலதான் குடியிருக்கேன் மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் அனுப்பினதை ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

ஒஸ்வால்டோதான் தன் கணினியில் அதைத் திறந்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"யஸ்னா... உலையை அடிக்கடி நிறுத்தி மூட்டும்போது டீசல் ஊத்துறாங்களாம். கம்பெனி கொடுத்த பட்டியல்ல அந்தப் புகையைக் காட்டவே இல்லை. இவரு ரெண்டு வருஷமா ஷிப்டுக்கு ஷிப்டு குறிச்சு வச்சு, அதைத்தான் சேர்த்திருக்காரு."

திருத்தத்தைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினான். திரையில் மூட வேண்டிய வருஷம் வந்தது.

2029.

யஸ்னா போனை நோக்கிக் குனிந்தாள்.

"சார்... அப்போ உங்க வேலை?"

"போகும். ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கும்போதே போகும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்." இப்போது அவர் குரல் உயர்ந்தது. "கம்பெனி என்னை விலைக்கு வாங்கலை மேடம். படிக்காமலே நாலு தடவை தள்ளி, கம்பெனிக்கு அஞ்சு வருஷத்தைச் சும்மாவே தூக்கிக் கொடுக்க இருந்தது நீங்கதான்!"