நிற்காத புரோகிராம்

“தப்பு எங்கேன்னு பாக்க ஓடவிட்டா, நடுவுல நிக்கவே மாட்டேங்குது. ஒரே மூச்சுல கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சிடுது. என்ன பண்றதுன்னு சொல்லணும்.”

அண்ணனின் குரலில் வழக்கமான விறைப்பு. ‘நீ’ என்றும் சொல்ல மாட்டார், ‘நீங்க’ என்றும் சொல்ல மாட்டார். சொல்லணும், பாக்கணும், செய்யணும் என்று எல்லாமே மொட்டையாகத்தான் வரும்.

தங்கை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எந்தப் புரோகிராம்ண்ணா?”

“பாலிசி புதுப்பிக்கிறது. இங்க வேலை பாத்தப்ப எழுதினதுதானே? எழுதினவங்கதான் பதில் சொல்லணும்.”

அவள் முன்பு வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் அண்ணன் மெஷின் ரூம் பொறுப்பாளர். புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அது ஓடும் மெயின்பிரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டரைக் கட்டிக் காப்பது அவர் வேலை. வீட்டையும் அப்படித்தான் கட்டிக் காத்தார். தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, “குடும்பப் பேரைக் கெடுத்துட்டுப் போறவளோட எனக்குப் பேச்சு கிடையாது” என்றார். சொன்னது சொன்னதுதான். அவளும் அதே வீட்டில் பிறந்தவள். வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனாளே தவிர, வளைந்து கொடுக்கவில்லை. அவள் கணவர் இறந்தபோது அண்ணன் வரவில்லை. அண்ணி இறந்த செய்தி அவளுக்கு மூன்றாம் மனிதர் வாயால்தான் வந்தது.

போன மாதம் திடீரென்று அழைத்தார். “இது ஆபீஸ் விஷயம். வேற எதுவும் பேச வேண்டாம்” என்பதுதான் முதல் வாக்கியம். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஏதாவது ஒரு கோளாறு. நாள் முழுக்க அவள் வாய் திறப்பது கடைக்காரரிடம் பை வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும்தான். மற்றபடி அவளுக்குப் பேச்சு என்றால் இந்தக் கோளாறுதான்.

ஆனால் இன்று கேட்டது டீபக்கரைப் பற்றி. ஓடுகிற புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, தப்பு எங்கே என்று காட்டும் கருவி அது. அது ஒழுங்காக வேலை செய்துவிட்டால் இனி ஆபீஸில் தப்பை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அப்புறம் அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? கைப்பேசி சும்மா கிடக்கும்.

“டெஸ்ட்னு ஆப்ஷன் போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“அதுக்குள்ள இன்னொரு வார்த்தை போடணும்ண்ணா. முதல் வரியிலேயே நின்னு நம்ம உத்தரவைக் கேக்கறதா, கேக்காம ஓடறதான்னு அதுதான் முடிவு பண்ணும்.”

“என்ன வார்த்தை?”

‘ப்ராம்ப்ட்’ என்று போட்டால் நிற்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மறுமுனையில் ஏதோ இரைச்சல் கேட்டது. மெஷின் ரூம் அச்சு இயந்திரமாக இருக்கும். கடக், கடக் என்று அடித்து, ஒரு நொடி தயங்கி, மறுபடியும் கடக்.

“நோ ப்ராம்ப்ட்” என்றாள்.

“நோ-ன்னு இருக்கே?”

“இங்க நோ-ன்னா நிக்கணும்னு அர்த்தம். மெயின்பிரேம் கொஞ்சம் கோணல் புத்திதான்.”

“நம்ம வீட்ல நோ-ன்னா நோ-தான்.” சொன்ன வேகத்தில் ‘நம்ம’ என்பதைத் திரும்ப விழுங்குபவர்போல் இருமினார். “சரி. நாளைக்குப் போட்டுப் பாக்கறேன்.” வைத்துவிட்டார்.

தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுத்தது அவள் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளைக்கு நிற்கவில்லை என்று கூப்பிடுவார். திட்டுவார். திட்டட்டும்.

மறுநாள் சாயங்காலம், கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

“என்னண்ணா, நிக்கலயா?” சரியான வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“யார் சொன்னது? முதல் வரியிலேயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. இங்க எல்லாரும் அசந்துட்டாங்க. நம்ம குடும்பத்து ஆள் சொன்னா தப்பாப் போகுமா?” அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அது இருக்கட்டும். இப்ப வேற ஒரு புரோகிராம் தகராறு பண்ணுது. அதையும் என்னன்னு பாக்கணும்.”

அவர் புதுக் கோளாறை விலாவாரியாக விவரிக்கத் தொடங்கினார். எங்கே ஆரம்பித்தது, எங்கே முறுக்கிக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. நோ ப்ராம்ப்ட் என்று போட்டு முதல் வரியில் நின்ற புரோகிராம் இந்த உலகத்திலேயே கிடையாது.

கடக், கடக். ஒரு நொடி தயக்கம். கடக்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எந்த அச்சு இயந்திரமும் இப்படி நொண்டாது. மெஷின் ரூமையே பார்த்திராத வயதில், பிறந்த வீட்டில் பாய் விரித்துப் படுத்தபடி, தூக்கம் வரும்வரை அவள் எண்ணிக்கொண்டிருந்த சத்தம் இது.

“அண்ணா.”

“என்ன?”

“ஹால்ல அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திட்டுப் பேசுங்க. சரியாவே கேக்கல.”

மறுமுனையில் நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு ஸ்விட்சைத் தட்டும் ஒலி. சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது.

“நிறுத்திட்டேன்” என்றார் அண்ணன். “அந்த மெஷினையும் என்னையும் போன வருஷமே நிறுத்திட்டாங்க. நீ சொல்லு.”