பராதிக் கம்ப்யூட்டர்

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும் பிரதீஷ். ஒண்ணு இந்த மெஷின் ஓடணும். இல்லேன்னா ரத்னாபாய் வேலையை விட்டுப் போகணும்” என்றார் சேஷன்.

சாலை பஜாரில் மனு, பராதி என்கிற புகார், விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை அவருடையது; டைப் அடிப்பவர் ரத்னாபாய். கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும். மனு அடிக்கிற ரைட்டர் என்ற சாஃப்ட்வேர் மட்டும் சில நேரம் கிளிக் செய்தால் லேசில் எழுந்து வராது.

புது ராம் போட்டாயிற்று. டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாயிற்று. வாஸ்து சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு மேஜையைக் கிழக்குப் பார்த்துப் போட்டாயிற்று. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாயிற்று. ரைட்டர் எதற்கும் மசியவில்லை.

“மெஷின்ல குத்தமில்லேன்னா அவகிட்டதான் குத்தம், கேட்டியா? அது திறக்கறதுக்குள்ள வரவாகிட்ட ஊர்க்கதை பேசி, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிடறா. நான் காப்பி குடிச்சுட்டு வரேன். நீ பார்த்துச் சொல்லு.”

பிரதீஷ் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். சிக்னலில் சிவப்பு விழுந்தால் சிக்னலையே திட்டுகிற ஆள். பையை மேஜையில் தொப்பென்று போட்டான்.

அவன் உட்காருவதற்குள் ஞானையன் என்று ஒருவர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

“ஃபாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு பராதி அடிங்க, உடனே! அடுத்த வீட்டுக்காரன் கூட்டுல கிளி வளக்கான். அது என்னைப் போல இருமுது!”

ரத்னாபாய் ரைட்டரைக் கிளிக் செய்தார். திரையில் வட்டம் சுற்றியது.

“ஒங்களைப் போலயேவா இருமுது, அண்ணாச்சி?”

“அச்சு அசல்! நான்தான் வந்துட்டேன்னு எனக்க வீட்டுக்காரி கஞ்சி எடுத்து வச்சுட்டா.”

“கெட்டிக்காரக் கிளியாக்கும்.”

“அதைச் சொல்லணுமா? மூணு விதமா இருமுது!” ஞானையன் குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரதீஷுக்குக் கை பரபரத்தது.

“பராதி போனா கிளி வளத்த குத்தத்துக்கு அவரைப் பிடிப்பாங்க. கிளியையும் கொண்டு போயிருவாங்க” என்றார் ரத்னாபாய்.

“கிளியை எதுக்கு? அது என்ன செஞ்சுது, பாவம்?” ஞானையன் மோவாயைச் சொறிந்தார். “இருமலைப் படிக்குன்னா நல்ல காரியமும் படிக்கும்லா?”

“ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக் குடுத்துப் பாருங்களேன்.”

“அதுவும் சரிதான். கொஞ்சம் பழம் வாங்கிட்டுப் போறேன்” என்று ஞானையன் எழுந்து போய்விட்டார். அவர் தெருமுனை தாண்டிய பிறகு ரைட்டர் சாவகாசமாகத் திறந்தது.

“கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு! ஒரு கஸ்டமர் போச்சு. எழும்புங்கக்கா” என்று பொரிந்துவிட்டுப் பிரதீஷ் உட்கார்ந்தான்.

திரையில் ரைட்டரைத் திறக்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஐக்கான்கள். மேலே உள்ளதை அழுத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. கீழே உள்ளதை அழுத்தினான். வட்டம். எரிச்சலில் ஏழெட்டுத் தடவை அழுத்தித் தள்ளினான். வட்டமோ தன் பாட்டுக்குச் சுற்றியது.

அந்த ஐக்கானுக்குள் என்ன கட்டளை இருக்கிறது என்று திறந்து பார்த்தான். முதலில் நன்றாகத் தூங்கு, பிறகு ரைட்டரைத் திற என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டிருந்தது.

“அக்கா, இது தானா வந்த கேடு இல்ல. ஆரோ எழுதி வச்சிருக்காங்க!”

“எனக்க மக எழுதினது. பள்ளிக்கூடத்துல அவளுக்கு லினக்ஸ்தானே. வைக்கச் சொன்னது நான்.”

ரத்னாபாய் எதையும் மறைக்கவில்லை.

“வேலைக்கு விண்ணப்பம் போடறவங்க, அடிபட்டு வாறவங்க, பயந்து வாறவங்க, எல்லாருக்கும் மேலே உள்ளது. வெறும் கோவத்துல வாறவங்களுக்குக் கீழே உள்ளது. திறக்கிறதுக்குள்ள ஆறிப்போச்சுன்னா அது பராதியே இல்ல மக்ளே. ஆறலேன்னா நானே அடிச்சுக் குடுத்துருவேன்.”

பிரதீஷுக்கு வந்ததே கோபம்!

“அதை முடிவு செய்ய நீங்க ஆரு, ஜட்ஜியா? அங்க ஒரு மனுஷன் கம்ப்யூட்டருக்காகத் தேங்கா உடைச்சிட்டுத் திரியறாரு! இப்பவே இதை அழிக்கேன். சேஷன் சார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

அவன் ஏழெட்டுத் தடவை அழுத்தித் தூங்க வைத்த ரைட்டர்களெல்லாம் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தன. அவன் அவற்றையும் திட்டினான்.

ரத்னாபாய் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சப் போகிறார் என்றுதான் பிரதீஷ் நினைத்தான்.

அவர் கெஞ்சவில்லை. வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தாராளமாச் சொல்லு மக்ளே. போன மாசம் ஒனக்க வீட்டுக்காரி சுஜா, ஒம்பேருல பராதி எழுத இதே நாற்காலியில வந்து இருந்தா. மேலே உள்ளதை அமுக்கவா, கீழே உள்ளதை அமுக்கவான்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். கடைசியில கீழே உள்ளதைத்தான் அமுக்கினேன்.”