ஆணி பதித்த டயர்கள்

"எல்லாத்தையும் நல்லா பாத்துடு எஸ்கோ. கூட வர்றவளுக்குப் பனி ரோடுன்னாலே நடுக்கம்" என்றான் பால்ய நண்பன் ரெய்யோ, எஸ்கோவின் பட்டறையில் காரை நிறுத்திவிட்டு.

"அடப்பாவி, பொண்ணு பாத்துட்டியா? சொல்லவே இல்லையே!"

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் அன்று மைனஸ் முப்பது டிகிரி. எஸ்கோ தன் காரிலிருந்தே பனியில் வழுக்காத, ஆணி பதித்த புது டயர்களைக் கழற்றி நண்பனின் காருக்கு மாட்டினான். பேட்டரியை மாற்றினான். பின்னால் மண்வாரியும் இரண்டு கம்பளியும் வைத்தான்.

"பொண்ணு எங்கடா? கண்ணுல காட்டு!"

ரெய்யோ தலையைக் குனிந்துகொண்டு ஹாரன் அடித்தான். பட்டறையை ஒட்டிய எஸ்கோவின் வீட்டுக் கதவு திறந்தது. பெட்டியோடு வந்த அவன் மனைவி ஹெல்கா, கணவனின் முகத்தைப் பார்க்காமல் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

எஸ்கோ ஸ்பேனரை எடுத்தான்.

"கிளம்பிடாதீங்க" என்றான். "ஒரு சக்கரத்துல நட்டு இன்னும் சரியா இறுக்கல."

குனிந்து, முழு பலத்தோடு இறுக்கினான்.