துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

அரியமுத்து ஆசாரிக்கு மோர் கொடுக்கப் போன இடத்தில்தான் சுமதி அந்தப் பேச்சைக் கேட்டாள்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரிக்காடு. பன்றிகளை விரட்டுவதற்கென்று அவள் புருஷன் பாவாடை லைசென்ஸ் எடுத்து ஒரு ரைபிள் வைத்திருந்தான். போட்டிகளில் சுடுகிற ரகம். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். திருச்சியில் பழசாக வாங்கியது. குழலுக்கு அடியில் இடது கையால் ஏந்திப் பிடிக்கிற முன்கட்டை மட்டும் விரிசல் விட்டு, சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தது. பன்றிகள் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஆனாலும் பாவாடைக்கு இந்த வாரம் திடீரென்று அதை மாற்றியாக வேண்டும்.

"வைரம் பாஞ்ச பலா. ரெண்டு பக்கமும் காத்து போவ ஓட்டை போட்டிருக்கேன், குழாய் சூடானாலும் கை சுடாது. வேர்த்த கை வழுக்காம இருக்கக் குறுக்குக்கோடு வெட்டணும். செவ்வாக்கெழமை தரேன்" என்றார் ஆசாரி.

"செவ்வாக்கெழமை எனக்கெதுக்கு? திங்கக்கெழமை காலையில பத்து மணிக்கு வேலை. சனிக்கெழமையே குடுத்துரு" என்றான் பாவாடை.

"பன்னி மணி பாத்தா வருது?"

"பன்னிக்கில்ல ஆசாரி. எம் மச்சானுக்கு."

ஆசாரியின் உளி நின்றது. "மணிவண்ணனுக்குங்களா?"

"அவனுக்குத்தான். ரெண்டு வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன். பத்துப் பேரு பாக்க அவன் மூஞ்சி எப்படி ஆவுதுன்னு நீயும் வந்து பாரு."

"எனக்கு அன்னிக்கி அரியலூர்ல ஜோலிங்க" என்று ஆசாரி அவசரமாகக் குனிந்துகொண்டார்.

சுமதி மோர்ச் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். மணிவண்ணன் அவளுடைய ஒரே அண்ணன். நாலு காடு தள்ளித்தான் அவன் காடு; பன்றிக்கென்று அவனும் ஒரு துப்பாக்கி வைத்திருந்தான். இரண்டு வருஷமாக அவனும் பாவாடையும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை.

மத்தியானம் சோறு போடும்போது மெல்லக் கேட்டாள்.

"எங்கண்ணன் உங்கள என்னதான் பண்ணுச்சு?"

"மானத்த வாங்கிட்டான்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் கட்டை மாத்தறேன்" என்றவன், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னான். கொலை பண்ணப் போகிறவனுக்கு இவ்வளவு பசி எடுக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் புதுக் கட்டை ஏறியது. பாவாடை கண்ணாடி முன்னால் நின்று துப்பாக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துப் பார்த்தான். திங்கட்கிழமைக்கென்று வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தான்.

அண்ணனும் பிழைக்க வேண்டும், புருஷனும் ஜெயிலுக்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கறி எடுக்கப் போன நேரம் பார்த்து, துப்பாக்கியைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்னக்கா அது, நீட்டமா?" என்றார் கண்டக்டர்.

"ஒலக்கை."

"ஒலக்கைக்குப் பொடவை கட்டிவிட்ட மொத ஆளு நீங்கதான். ஓரமாப் புடிச்சுக்குங்க, யாரு கால்லயாவது வுழுந்து வைக்கப் போவுது."

ஸ்டேஷனில் ஏட்டு வெள்ளைச்சாமி மட்டும் இருந்தார். சுமதி சுமையை மேஜைமேல் கிடத்திப் புடவையைப் பிரித்தாள். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை.

"இத நீங்களே வச்சுக்குங்கய்யா. நாளைக்கு எம் புருஷன் எங்கண்ணனச் சுட்டுருவாரு."

ஏட்டு பதறவில்லை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்தார். நம்பரைப் பார்த்தார். ஒரு நோட்டை எடுத்து விரித்து எழுத ஆரம்பித்தார்.

"லைசென்ஸ் அவரு பேருல இருக்கு. நீ தூக்கியாந்ததே தப்பும்மா. சரி, மூக்கத் தொடச்சுக்க."

வாசலில் வண்டி நிற்கிற சத்தம். பாவாடை மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

"ஐயா, என் துப்பாக்கி களவு போயிருச்சுங்க" என்றவன், மேஜையைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏ புள்ள, இத நீ ஏன் தூக்கியாந்த? நாளைக்குப் பத்து மணிக்கு நானில்ல கொண்டாரணும்?"

"இங்கியா?"

"பின்ன எங்க? எலெக்ஷன் வருதுல்ல? துப்பாக்கி வச்சிருக்கற அத்தன பேரும் நாளைக்கு இங்க ஒப்படைக்கணும்னு நோட்டீஸ் வந்திருக்கு. போன எலெக்ஷனுக்கு வரிசையா சாத்தி வச்சிருந்தப்ப உங்கண்ணன் என்ன கேட்டான் தெரியுமா? 'மாப்ள, இது சும்மாவே சுடுமா, இல்ல பஞ்சர் ஒட்டித்தான் சுடணுமா?' இந்த ஸ்டேஷனே சிரிச்சுது. இந்தத் தடவ அவன் கண்ணு முன்னாடி இதச் சாத்தி வைக்கணும்னுதான் இத்தன பாடு."

சுமதிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "இதுக்கா? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"எனக்கு எறங்குச்சுல்ல, அதப் பாத்தாவது தெரிய வேணாமா?" என்றவன் ஏட்டின் பக்கம் திரும்பினான். "ஐயா, இத வூட்டுக்குக் கொண்டுபோயிட்டு நாளைக்கு நானே கொண்டாரேன். மச்சான் பாக்கணும்யா."

"நோட்டுல ஏத்தியாச்சு. அதுவுமில்லாம உங்க மச்சானுக்கு நாளைக்கு இங்க வேலையே இல்லியே" என்றார் ஏட்டு, பேனாவை மூடியபடி.

"ஏங்கய்யா?"

"அவரும் துப்பாக்கிக்குப் புதுசா வெள்ளிப்பூண் போட்டு வச்சிருந்தாராம். அத அவரு சம்சாரம் நேத்தே பழம்பொடவையில சுத்தியாந்து குடுத்துட்டு, 'திங்கக்கெழமை எம் புருஷன் பாவாடையச் சுட்டுருவாரு'ன்னு இதே எடத்துல நின்னு அழுதுட்டுப் போச்சு."