பின்பக்கத்து அறை

“இவ்ளோ பேர் வந்தா, யாராச்சும் அந்தப் பூட்டுல கை வெச்சிடப் போறாங்க” என்றாள் ஜஸீமா.

ராயபுரத்தில் இவ்வளவு குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்ததற்கு ஒரே நிபந்தனை, பின்பக்கத்து அறையைத் தொடக்கூடாது. வீட்டுக்காரரை அவர்கள் பார்த்ததே இல்லை. வாடகை வாங்க வரும் ஆள், ஒவ்வொரு முறையும் பூட்டை இழுத்துப் பார்ப்பான். போன மாதம், “இதைத் தொட்டா உயிரோட இருக்கமாட்ட” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

இன்று நடுத்தர மக்களின் தலைவர் குணாளன் சாப்பிட வருகிறார். தெருவில் இத்தனை வீடு இருக்க, கட்சிக்காரர்கள் இந்த வீட்டைத்தான் கேட்டார்கள்.

“பயந்துகினு கெடக்காத” என்றான் கணவன் தவ்ஃபீக். “மெரட்றதை தலைவராண்டயே சொல்லிடறேன். அவரும் வாடகை வூட்லதான் கீறாராம்.”

தலைவர் தரையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். “எனக்கும் சொந்தமா ஒரு செங்கல்கூடக் கிடையாது” என்று கேமராக்களிடம் சொன்னார். பிறகு கூட வந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஐயா, எங்க வூட்டுக்காரரு...” என்று தவ்ஃபீக் ஆரம்பித்தான்.

“இருப்பா, வந்துடறேன்.”

கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போன தலைவர், இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தார். உள்ளே கூரைவரை பெட்டிகள். ஒன்றின் மூடியைத் தூக்கினார். தங்கக் கட்டிகள்.

மறுபடி பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“உங்க வீட்டுக்காரரு இன்னாப்பா?”

தவ்ஃபீக் வாயைத் திறப்பதற்குள் ஜஸீமா முந்திக்கொண்டாள்.

“ரொம்ப நல்லவருங்க.”